நாலு மீட்டரில் ஒரு கம்பம்

கம்பம் மறுபடியும் இரண்டாகத் தெரிந்தது.

ஜீவராணி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். கெமராவின் பார்வைக் கண்ணாடியை முந்தானை நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கம்பத்தில் மேலிருந்து கீழாக அவளே இழுத்து வைத்திருந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, சண்டை போட்டுத் தள்ளி நிற்கிற இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றது.

“இன்னைக்குமா அத்த?” என்று கம்பத்தடியில் இருந்த குச்சுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நீ சத்தம் போடாம இரு. ஆம்பளைங்க காதுல விழப்போகுது.”

“இந்த மழையில எந்த ஆம்பள வாறான்? ஒங்க கெமராவுக்கு மாறுகண்ணு அத்த. ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிப் போடுங்க.”

குச்சுக்குள் இருந்தவள் ஷாமிளா. ஜீவராணியின் அண்ணன் நடராஜாவின் மகள். பெரிய பிள்ளையாகி, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றும் வரைக்கும் வெளியே வரக்கூடாது, ஆண் முகம் பார்க்கக்கூடாது என்று உட்கார வைத்திருந்தார்கள். குச்சு கட்டுவது தாய்மாமன் உரிமை. தாய்மாமன் உதயராஜ் பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, கித்துல் மட்டையும் தென்னோலையும் வெட்டி, லயத்தின் பின்புறத்தில் அருமையாகக் கட்டிக் கொடுத்திருந்தான். மூன்று கால் புதிதாக நட்டான். நாலாவது காலுக்கு ஜீவராணி துணி காயப்போடும் கம்பத்தையே பிடித்துக்கொண்டான். இதை மட்டும் வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பம் எங்கேயோ, பிள்ளையும் அங்கே.

சீத்தகந்த தோட்டம் றக்வானவிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது. கீழ்ப்பிரிவில் பத்துக் காம்பரா லயம் ஒன்று, ஒரே கூரையில் வரிசையாகப் பத்து வீட்டு அறை, மலைக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கும். பின்கதவைத் திறந்தால் ஒரு படி, படிக்கு அப்பால் சின்ன முற்றம், முற்றத்து ஓரத்தில் கம்பம், அதற்கு அப்பால் தண்ணீர் ஓடுகிற கான். கானைத் தாண்டினால் கைவிட்ட பழைய தேயிலை, செங்குத்தாக மேலே போகும். தொண்ணூற்றேழாம் வருடத்து ஐப்பசி அது. மழை விட்டு விட்டுப் பெய்யவில்லை, விடாமல் பெய்தது.

ஜீவராணிக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். புருஷன் சுதாகரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தான். மிச்ச நேரத்தில் அவள் படம் எடுத்தாள். குச்சுக்குள் இருக்கும் பெண்ணை ஆண் போட்டோக்காரன் எடுக்க முடியாது அல்லவா? அதனால் மூன்று பிரிவிலும் சடங்கு என்றால் ஜீவராணியைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் மகளின் சடங்குக்குச் சொந்த அத்தையே எடுக்கிற படம் தெளிவில்லாமல் போனால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கெமரா ருஷ்யாக் கெமரா. மொஸ்கோவில் படித்துவிட்டு வந்த எஹலியகொட ஆள் ஒருவர் றக்வான பஸாரில் ஹலீம் நானாவின் ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டுப் போனது. முகப்பில் இருக்கிற எழுத்தை ‘ஸோர்க்கி’ என்று ஹலீம்தான் வாசித்துச் சொன்னார். கையில் தூக்கினால் அம்மிக் குழவி மாதிரிக் கனக்கும். அமுக்கினால் படம் விழுகிற ஜாதி இல்லை அது. எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை கேட்கும். முதலில் பில்மைச் சுற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் வேகக் குமிழைத் திருப்ப வேண்டும். மாறிச் செய்தால் உள்ளே எதையாவது முறித்துவிடும். சுற்றும்போது மறுபக்கத்துக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று ஒரு கண் வைக்க வேண்டும். சுழலவில்லை என்றால் பில்ம் கொளுவவில்லை, எடுத்ததெல்லாம் வெறும் காற்று. மூடி போடாமல் வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கிற துணித்திரையைச் சூரியன் பொத்துவிடும், பிறகு எல்லாப் படத்திலும் வானத்தில் இல்லாத ஒரு நட்சத்திரம் விழும். இதெல்லாம் ஜீவராணிக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ரோல் ரோலாக வீணாக்கித்தான் தெரிந்துகொண்டாள்.

தூரம் பிடிக்கிற விதம் இன்னும் விசேஷம். கண்ணாடியில் பார்த்தால் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு தெரியும். அந்தப் பொட்டுக்குள் மட்டும் எதிரே இருக்கிற சாமான் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். ஒன்றானால் படம் தெளிவாக விழும். வளையத்தில் மீட்டர் கணக்கு வெட்டியிருக்கும்.

கெமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அண்ணன் நடராஜா மேசன் வேலை செய்கிறவன். அவனுடைய டேப்பை வாங்கி, பின்கதவுப் படியிலிருந்து கம்பத்துக்குச் சரியாக நாலு மீட்டர் அளந்து, படியின் விளிம்பில் ஒரு கோடு கீறியிருந்தாள். எந்த வேலைக்குப் போகுமுன்னும் கெமராவை அந்தக் கோட்டில் வைத்து, வளையத்தை நாலில் நிறுத்திப் பார்ப்பாள். வெள்ளைக் கோடு ஒன்றாக நின்றால் சரி. நிற்காவிட்டால் முகப்பில் இருக்கிற பொட்டுத் திருகைக் கழற்றி, உள்ளே இருக்கிற இன்னொரு சின்னத் திருகைத் தையல் மெசின் ஸ்குரூட்ரைவரால் ஒரு மயிரிழை திருப்புவாள். ஒன்றாகிவிடும்.

வருடக்கணக்காக அசையாமல் இருந்த திருகு, இந்த மழை தொடங்கியதிலிருந்து சும்மா இருக்கவில்லை. ஒரு தரம் திருப்பினாள். சரியானது. சில நாளில் கம்பம் மறுபடியும் இரண்டு. திருப்பினாள். இன்றைக்கு மறுபடியும்.

“குளிருக்கு உள்ள இருக்கிற இரும்பு சுருங்குது போல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கோடு இரண்டும் ஒட்டிப்போகும் வரைக்கும் திருகைத் திருப்பினாள்.

“சரியாயிருச்சா அத்த?”

“சரியாயிருச்சு.”

“ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்குமா?”

“தாங்கும் தாங்கும். நீ மூஞ்சிய ஒழுங்கா வச்சுக்க, அது போதும்.”

எழுந்து உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்தினாள். கதவு நிலையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. அதுவும் இந்தக் கிழமைதான். மரம் மழைக்கு ஊதியிருக்கிறது, வெயில் வந்ததும் சீவித் தருகிறேன் என்று நடராஜா சொல்லியிருந்தான். தோளால் இடித்துச் சாத்திவிட்டு, ஸ்குரூட்ரைவரை இடுப்பில் செருகி, கெமராவையும் எடுத்துக்கொண்டு, தங்கம்மா அக்காவின் பேரப்பிள்ளைக்கு மொட்டை போட்ட படங்களைப் பஸாரிலிருந்து எடுத்துவரப் பஸ் ஏறினாள்.

ஹலீம் ஸ்டூடியோவில் அவளைக் கண்டதும் சிரித்தார்.

“வா புள்ள, வா. தங்கம்மா குடும்பத்துக்கு மூக்கு ஒண்டும் இல்லயா? எங்க கொண்டு போட்டாய்?”

படங்களை மேசைமேல் பரப்பினார். கோயிலில் எடுத்த முதல் பாதி கண்ணாடி மாதிரி இருந்தது. மொட்டைத் தலையில் ஒட்டியிருந்த சந்தனத்தின் வெடிப்புக்கூடத் தெரிந்தது. லயத்துக்கு வந்து சாப்பாட்டுப் பந்தியில் எடுத்த மறுபாதி முழுக்க ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் இருப்பதுபோல இருந்தது.

ஜீவராணி இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பாதிக்கும் நடுவில் என்ன நடந்தது? கோயிலிலிருந்து வந்து, படியில் வைத்துப் பார்த்து, கம்பம் இரண்டாகத் தெரிகிறது என்று முதல் தரம் திருகைத் திருப்பினாள். அதற்குப் பிறகுதான் பந்தி.

“நானா, நான் சரி செஞ்சதுக்குப் பொறகுதான் இது பழுதாப் போயிருக்கு.”

“அதெப்புடி? தா பாப்போம்.” ஹலீம் கெமராவை வாங்கி, வாசலுக்குப் போய், பஸாருக்கு அந்தப் பக்கம் தெரிந்த பள்ளிவாசல் மினாராவைப் பார்த்தார். வளையத்தைக் கடைசித் தூரத்தில் நிறுத்தினார்; அங்கே தூரத்துச் சாமான் ஒன்றாகத் தெரிய வேண்டும். “யா அல்லாஹ்! நாங்க ஒரு மினாரா கட்டவே இவ்வளவு கஷ்டப்பட்டோம். நீ ரெண்டாக்கி வெச்சீக்கிறாய்.”

ஸ்குரூட்ரைவரை வாங்கி அவரே திருகைத் திருப்பினார். அவள் எந்தப் பக்கம் திருப்பியிருந்தாளோ அதற்கு எதிர்ப்பக்கம். மூன்று தரமும் அவள் திருப்பியதை எல்லாம் சேர்த்துத் திருப்பிய பிறகு மினாரா ஒன்றானது.

ஜீவராணி பக்கத்து முக்தார் நானாவின் புடைவைக் கடைக்குப் போய் மீட்டர் கோலைக் கேட்டு வாங்கி வந்தாள். ஹலீமின் மேசையிலிருந்து வாசல் தூண் வரைக்கும் தரையில் நாலு கோல் அளந்தாள். தூண் எட்டவில்லை. மேசையைத் தள்ளச் சொன்னாள்.

“என்ன புள்ள, கடய விக்கப் போறமா?”

“தள்ளுங்க நானா.”

மேசையைத் தள்ளி, கெமராவை வைத்து, வளையத்தை நாலில் நிறுத்தினாள். தூண் ஒன்றாக, சிலை மாதிரி, நின்றது. மினாராவும் ஒன்று, தூணும் ஒன்று.

“பாத்தாயா? கெமரா நல்லா ஈக்கி” என்றார் ஹலீம். “ஒங்கட கம்பத்துக்குத்தான் வருத்தம். காலாற நடக்கப் போயிருக்கும்.”

அவர் சிரித்தார். ஜீவராணி சிரிக்கவில்லை. நிலையில் மாட்டிக்கொள்ளும் கதவு. ஒரு கிழமையாகப் பீலிக் குழாயில் சிவப்பாக வரும் ஊற்றுத் தண்ணீர். மேல் லயத்துக்காரிகள் ஊற்றில் துணி துவைக்கிறார்கள் என்று பெண்கள் போட்ட சண்டை. முன்னே அகலக் கால் வைத்துத் தாண்டிய கானை நேற்று சும்மா கடந்து போனது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடந்ததெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வந்து பொருந்திற்று. கம்பம் அவள் பக்கமாக நடந்து வருகிறது. கம்பத்தைத் தள்ளிக்கொண்டு மலை வருகிறது. கம்பத்தின் காலடியில் ஷாமிளா உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏய், படத்தெல்லாம் வெச்சிட்டுப் போறாய்!” என்று ஹலீம் பின்னால் கத்தினார். அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

பஸ் பாதித் தூரம்தான் போயிற்று. வளைவில் மண் சரிந்து கிடந்தது. கொண்டக்டர் மணியை இழுத்தான். “அக்கே, மெத்தனின் பஹின்ட. பஸ் எக்க எஹாட்ட யன்னே நே.” இங்கேயே இறங்கச் சொன்னான், பஸ் அப்பால் போகாதாம்.

“எச்சர வெஸ்ஸத மல்லி உட?” மேலே அவ்வளவு மழையா தம்பி என்று கேட்டாள்.

அவன் வானத்தைக் காட்டிக் கையை விரித்தான்.

மிச்சத்தைத் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினாள். கெமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மாரோடு அணைத்திருந்தாள். அட்டை காலில் ஏறியது தெரியவில்லை. பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி லயத்துக்கு வந்தபோது முன்வாசலில் உதயராஜ் இரண்டு பேரோடு பந்தலுக்குக் கம்பு சீவிக்கொண்டிருந்தான்.

“மதினி வந்துட்டாங்கடா! வழிய விடுங்க. ஏன் மதினி, குளிச்சிட்டு வாறீங்களா, இல்ல ஆத்துல விழுந்து வாறீங்களா?”

அவள் வீட்டுக்குள் புகுந்து பின்கதவை இடித்துத் திறந்தாள். படியில் கெமராவை வைத்து வளையத்தை நாலில் நிறுத்தினாள். கோடு இரண்டு. நடுவில் ஒரு விரல் போகும் போல இருந்தது. கை பழக்கத்தில் திருகைத் தேடிப் போயிற்று. இழுத்துக்கொண்டாள். திருகை விட்டுவிட்டு வளையத்தைத் திருப்பினாள். நாலைத் தாண்டி, மூன்றை நோக்கி, பாதி வழியில் கோடு ஒன்றானது.

அண்ணன் வீட்டுக்குப் போய் டேப்பை எடுத்துவந்து இழுத்தாள். மூன்றரை மீட்டர். கம்பம் சாயவில்லை, ஆடவில்லை, நேராகவே நின்றது. நின்றபடியே ஒரு முழம் கிட்ட வந்திருந்தது.

“அண்ணி!” என்று கத்தினாள். “அண்ணி, புள்ளய வெளிய எடுங்க!”

அண்ணி இந்திராணி அரைத்த மஞ்சளோடு ஓடிவந்தாள். உதயராஜும் வந்தான். நடராஜா சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்து பின்கதவில் நின்றான். ஜீவராணி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கிறுக்குப் பேச்சு மாதிரிக் கேட்டது.

“கெமராவுல மல தெரிஞ்சிச்சா?” என்றான் உதயராஜ். “எக்ஸ்ரேக் கெமராவா மதினி? அப்ப என் வயித்த ஒருக்கா எடுத்துப் பாருங்க, ரெண்டு நாளா வலி.”

“டேப் போட்டுப் பாத்தேன் கொழுந்தனாரே. அண்ணன் டேப்பால அளந்த நாலு மீட்டர். இப்ப மூணர.”

நடராஜா டேப்பை வாங்கி அவனும் இழுத்தான். முகத்தைச் சொறிந்தான். “குச்சு கட்டுறப்ப இவன் கம்பத்தப் புடிச்சு இழுத்திருப்பான்.”

“நான் கட்டினது குச்சு மச்சான், தேரு இல்ல, வடம் புடிச்சு இழுக்கிறதுக்கு!” உதயராஜுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “தாய்மாமன் செஞ்சதுல குத்தம் சொல்லணும்னா நேராச் சொல்லுங்க. இப்பவே பெல்மதுளைக்கு பஸ் ஏறுறேன்.”

“பஸ் இல்ல. பாதையில மண் விழுந்து கெடக்கு” என்றாள் ஜீவராணி. “கானப் பாருங்க. குச்சு கட்டுறப்ப கானத் தாவித் தாண்டினீங்களா, இப்ப மாதிரிச் சும்மா கடந்தீங்களா?”

உதயராஜ் திரும்பிக் கானைப் பார்த்தான்.

“நீ சும்மா இரு ஜீவராணி” என்றாள் இந்திராணி. “தண்ணி ஊத்தாம, நேரம் பாக்காம, பத்து ஆம்பள பாக்கப் புள்ளய வெளிய இழுத்துட்டுப் போனா நாளைக்கு இந்தத் தோட்டம் என்னா பேசும்? பொண்ணு கேட்டு வாறவன் என்னா கேப்பான்? மல அசையுதுன்னா ஆபீசுல சொல்லியிருக்க மாட்டாங்களா? ஒனக்கு ஒரு பொண்ணு இருந்தா இப்புடிப் பேசுவியா?”

ஜீவராணிக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

“அம்மா, சண்ட போடாதீங்க” என்றாள் ஷாமிளா குச்சுக்குள்ளிருந்து.

ஜீவராணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாதம் செய்து பயனில்லை என்று தெரிந்தது. படியில் ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் கெமராவை வைத்து, இரண்டு பக்கமும் மரத்துண்டு செருகி ஆடாமல் இறுக்கினாள். வளையத்தைத் திருப்பிக் கோட்டை ஒன்றாக்கினாள்.

“கொழுந்தனாரே, இங்க வாங்க. கெமராவத் தொடாம கண்ண மட்டும் வச்சுப் பாருங்க. வெள்ளக் கோடு எத்தன?”

உதயராஜ் குனிந்தான். “ஒண்ணு.”

“நல்லாப் பாருங்க.”

“ஒண்ணுதான். எனக்கு என்னா கண் தெரியாதா?” என்று நிமிர்ந்து சபையைப் பார்த்தான். “ஒண்ணுதான் தெரியுது அக்கா. மல எங்கயும் போகல.”

“அப்ப அப்புடியே பாத்துக்கிட்டு இருங்க. கண்ண எடுக்காதீங்க. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். அதுவரைக்கும் ஒண்ணாவே இருந்தா, ஞாயித்துக்கிழம நானே ஒங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன். படமும் எடுத்துத் தாறேன்.”

“பந்தல் போட வந்தவன பைஸ்கோப் பாக்க வச்சிட்டாங்க.” என்றாலும் உட்கார்ந்தான். படியில் குந்தி, ஒரு கண்ணை மூடி, மற்றதைக் கெமராவில் ஒட்டிக்கொண்டான். யாரோ தேநீர்க் கோப்பையை அவன் கையில் கொடுத்தார்கள். பார்க்காமலே ஒரு மிடறு குடித்தான். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பின்வாசல்களில் நின்றார்கள்.

“என்னா மாமா தெரியுது? கதாநாயகி வந்துட்டாளா?” என்று ஷாமிளாவே கேட்டாள்.

“வாய மூடு. மாமன்கிட்டப் பேசக்கூடாது நீ.”

மழை தடித்தது. மேலே எங்கேயோ ஒரு கல் உருண்டு தேயிலைக்குள் நின்றது. நடராஜா அண்ணாந்து பார்த்தான். கானில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, ஓட்டம் நின்றது. இவ்வளவு மழையில் கான் வற்றியது. ஜீவராணி அதைக் கண்டாள். சொன்னால் வாதம்தான் வளரும். உதயராஜின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்த, கீழயிருந்து தண்ணி வருது” என்றாள் ஷாமிளா. இந்தத் தடவை குரலில் பகடி இல்லை. “சாக்கு நனையுது. மேலயிருந்து இல்ல அத்த, தரையிலயிருந்து ஊறுது.”

உதயராஜின் கையில் கோப்பை அசையாமல் நின்றது.

“மதினி.”

“ம்.”

“நீங்க கெமராவுல கை வச்சீங்களா?”

“நான் இங்கதானே நிக்கிறேன். ரெண்டு கையும் கட்டிக்கிட்டு.”

அவன் மறுபடியும் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பிறகு மிக மெல்ல, பயந்த பிள்ளை சொல்வதுபோலச் சொன்னான்:

“ரெண்டு.”

சொல்லி முடிக்குமுன் எழுந்துவிட்டான். கோப்பை படியில் உடைந்தது. பந்தல் கம்பு சீவிய கத்தியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் குதித்தான்.

“டேய், நேரம் பாக்கல! நில்லுடா!” இந்திராணி அவன் சட்டையைப் பிடித்தாள்.

“அக்கா, கட்டினவன்தானே பிரிக்கணும்? நான் கட்டினேன், நான் பிரிக்கிறேன். பாவம் வந்தா என் தலையில வரட்டும். சேலையக் கொண்டா!”

ஓலையைப் பிளந்தான். கித்துல் மட்டை முறிகிற சத்தத்தோடு ஒரு பக்கம் திறந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் உள்ளே நீட்டினான். ஜீவராணியும் இந்திராணியும் ஒரு சேலையைப் பிரித்துப் பிள்ளையின் தலையிலிருந்து கால்வரைக்கும் போர்த்தினார்கள். எழுந்து நின்ற ஷாமிளாவின் கால் சேற்றில் முழங்கால்வரை புதைந்தது. இழுத்து எடுத்தார்கள்.

“எல்லாரும் பிள்ளக்காம்பராவுக்கு!” என்று ஜீவராணி கத்தினாள். பிள்ளைக்காம்பரா கோயிலுக்கு அப்பால், பாறைமேல் கட்டினது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. “சாமான் எடுக்காதீங்க! புள்ளைங்களத் தூக்குங்க!”

நடராஜா தகரத்தைத் தட்டிக்கொண்டு லயத்தின் மறுமுனைவரைக்கும் ஓடினான். ஒருவன் ஆபீசுக்கு ஓடினான். பின்வாசல்களில் நின்று மாமனின் பைஸ்கோப்பைப் பார்த்தவர்களுக்கு யாரும் மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை. பழனியாண்டிக் கிழவர் மட்டும் அடைகாக்கிற கோழியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றார். கோழியோடு சேர்த்து அவரையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோழி வழியெல்லாம் கொத்தியது.

கோயிலடியைத் தாண்டியபோது இடி மாதிரி இல்லாத ஒரு சத்தம் வந்தது. பெரிய துணியை யாரோ இழுத்துக் கிழிப்பது போன்ற சத்தம். திரும்பிப் பார்த்தார்கள். மலைச்சரிவில் தேயிலைச் செடிகள் நிமிர்ந்தபடியே, வரிசை கலையாமல், கீழே வந்துகொண்டிருந்தன. ஒரு கணம் அது மெதுவாக நடப்பதாகத் தோன்றியது. அடுத்த கணம் முற்றமும் குச்சும் கம்பமும் இல்லை. லயத்தின் பின்சுவர் உள்ளே விழுந்தது. கூரைத் தகரங்கள் சீட்டுக்கட்டு மாதிரி மடிந்தன.

இந்திராணி மகளைச் சேலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைக்காம்பராவில் காம்பரா காம்பராவாகப் பெயர் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் குறையவில்லை. தொட்டில்களில் நனைந்த பிள்ளைகளைப் போட்டார்கள். ஒரு மூலையில் பெண்கள் சேலை பிடித்து மறைப்புக் கட்டி ஷாமிளாவை உட்கார வைத்தார்கள்.

“அத்த, கெமரா?”

“படியில” என்றாள் ஜீவராணி.

உதயராஜ் சட்டைப் பொத்தானைக் கழற்றி, வயிற்றோடு வைத்திருந்த கெமராவை எடுத்து நீட்டினான். “வயித்த எக்ஸ்ரே எடுக்கத்தான் கொண்டு வந்தேன்” என்றான். பகடி பாதியில் நின்றுவிட்டது.

மழை விடவில்லை. அப்போதுதான் யாரோ ஒரு பெண், பின் யன்னலால் பார்த்துக் கேட்டாள்: “இங்கேயும் பின்னால மேடுதானே?”

பாறைமேல் கட்டினதுதான். ஆனால் பாறைக்குப் பின்னால் மேடு இருந்தது, மேட்டில் தேயிலை இருந்தது. நாற்பது ஐம்பது முகமும் ஜீவராணியின் கையைப் பார்த்தன.

அவள் யன்னல் கட்டையில் கெமராவை வைத்தாள். மேட்டின் அடியில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டுகிற மரக்கால் ஒன்று நின்றது. ஆனால் பொழுது மங்கிவிட்டது. பொட்டுக்குள் ஒரு நிழல்தான் தெரிந்தது. ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியவில்லை.

“வெளிச்சம் இல்ல” என்றாள்.

உதயராஜ் சுவரில் மாட்டியிருந்த லாந்தரை எடுத்தான். “கொளுத்தித் தாங்க.”

“நீங்க எங்க போறீங்க? அங்கதான் மேடு.”

“குச்சு கட்டத் தெரிஞ்சவனுக்கு லாம்பு கட்டத் தெரியாதா?”

மழைக்குள் போனான். மரக்காலில் லாந்தரைக் கட்டிவிட்டு ஓடி வந்தான். ஜீவராணி வளையத்தைத் திருப்பினாள். இரண்டு தீச்சுடர் நெருங்கி வந்து ஒரு சுடரானது. வளையத்திலிருந்து கையை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த ஸ்குரூட்ரைவரை எடுத்துப் பால்மா டின்னுக்குள் போட்டு மூடினாள்.

“ஒண்ணா, ரெண்டா?” என்றான் நடராஜா.

“ஒண்ணு.”

யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஒருவரும் படுக்கவில்லை. சற்று நேரம் கழித்துப் பழனியாண்டி கேட்டார், “இப்ப?”

“ஒண்ணு.”

“இப்ப புள்ள?”

கண் எரிந்து தண்ணீர் வழிந்தது. அப்போது மறைப்புக்குப் பின்னாலிருந்து, தலைவரை சேலை போர்த்திய உருவம் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றது. தடுக்க வாயெடுத்த இந்திராணி, மகளுக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டாள். ஆண்கள் தாங்களாகவே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

“நகருங்க அத்த. கொஞ்சம் நான் பாக்குறேன்.” ஷாமிளா சேலைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் கெமராவில் வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள். “ஒரு வெளக்குத்தான் அத்த.”

“நல்லாப் பாரு.”

“ஒண்ணேதான்.”

“சரி” என்றாள் ஜீவராணி. “கண்ண எடுக்காத.”